பட்டன் தேய்ந்த பிறகு

நாமக்கல்லுக்கு லாரித் தொழிலைப் பார்க்க வருகிறவர்களைப் பாடி கட்டும் பட்டறைக்குத்தான் முதலில் கூட்டிப்போவார்கள். வெல்டிங் பொறியும் புதுப் பெயின்ட்டுமாக அது கண்ணுக்கு விருந்து. ரீட்ரேடிங் பட்டறைக்கு யாரும் கூட்டிப்போவதில்லை. தரை, சுவர், மின்விசிறி இறக்கை, வேலை செய்கிறவர்களின் முழங்கை வரை எல்லாமே கறுப்பு. சேலம் சாலையை ஒட்டிய அப்படியொரு பட்டறையில் காலையில் நுழைந்து, சேம்பர் திறக்கும்வரை இருந்தேன். டயர் தரையை எப்படிப் பிடிக்கிறது என்று கொஞ்சம் படித்திருந்தேன். மொட்டையாகி வந்த டயருக்கு மறுபடி பட்டன் போட்டு அனுப்புகிறவர்கள் அதைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று கேட்க ஆசை.

வந்து இறங்கும் டயரை முதலில் தொடுகிறவர் அங்கே இருப்பவர்களில் மூத்தவர். ஸ்டாண்டில் மாட்டி, வாயை விரித்து, விளக்கை உள்ளே பிடித்துக்கொண்டு வெறுங்கையால் தடவிக்கொண்டே போகிறார். ஆணி, கம்பி முனை, உப்பல் என்று எது தட்டுப்பட்டாலும் சாக்பீஸால் ஒரு வட்டம். டயரின் உடலான கேசிங் போயிருந்தால் டயர் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்; அதில் அவர் யாருக்கும் தாட்சண்யம் பார்ப்பதில்லை. தேய்ந்த விதத்தை வைத்தே லாரியின் கதையைச் சொல்லிவிடுகிறார்.

“நடுவுல மட்டும் தேஞ்சிருக்குது பாருங்க, காத்து அதிகம் வெச்சு ஓட்டியிருக்காங்க. ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மி. ஒரு பக்கம் மட்டும்னா அலைன்மென்ட்டுங்க.”

இன்னொரு டயரில் ஓரிடத்தில் மட்டும், வாளால் சீவியதுபோல், ரப்பர் தட்டையாகக் கிடந்தது. “பிரேக் அடிச்சு, வீல் நின்னுபோயி, வண்டி மட்டும் இழுத்துட்டுப் போன இடம்” என்றார்.

நான் படித்தது முழுக்க அந்தத் தட்டை இடத்தில் இருந்தது. சக்கரம் உருளும்போது தரையில் படும் ரப்பர் அந்தக் கணத்தில் தரையோடு கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டியைவிடச் சக்கரம் பத்து முதல் இருபது சதவீதம் மெதுவாகச் சுற்றும் நிலையில்தான் பிடிப்பு உச்சத்துக்குப் போகும். சக்கரம் ஒரேயடியாக நின்றுவிட்டால் பிடிப்பு குறையும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது, ஒரே இடத்து ரப்பர் எரியும். ஏபிஎஸ் செய்வதெல்லாம் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, சக்கரத்தை அந்த உச்சத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பதுதான்.

லாரி டயரில் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ. ஒரு டயரின் மேல் 2,500 கிலோ இறங்கினால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 350 சதுர சென்டிமீட்டர். இத்தனை பெரிய லாரிக்கு ஒவ்வொரு சக்கரத்திலும் பிடிமானம் அவ்வளவுதான். அந்தப் பரப்பில் ரப்பர், அம்மியில் அழுத்திய மாவுபோல, ஜல்லியின் மேடுபள்ளங்களில் இறங்கி ஒட்டுகிறது. மாவு அப்படியே கிடக்கும். ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பும், ஆனால் சற்றுத் தாமதித்துத் திரும்பும். அந்தத் தாமதத்தில் இழக்கும் சக்தி வெப்பமாகிறது, அதுவே பிடிப்பாகவும் ஆகிறது. ஈரத்தில் ஒட்டும் பிடிப்பு பெரும்பாலும் போய்விடும். மிச்சம் இருப்பது இந்தத் தாமதத்தின் தயவு.

அப்படியானால் பட்டன் எதற்கு? காய்ந்த சாலையில் அதற்கு வேலை குறைவு. பந்தயக் கார்கள் மொட்டை டயரில்தான் ஓடுகின்றன. “இந்தக் காடியெல்லாம் மழைக்குத்தானுங்க” என்று, பழைய ரப்பரைச் சுரண்டும் பஃபிங் மெஷினில் இருந்த இளைஞர் ஒரே வரியில் முடித்துவிட்டார். காடி வழியாகத் தண்ணீர் வெளியேறாவிட்டால் அது டயருக்கு அடியில் ஆப்புபோல நுழைந்து சக்கரத்தைத் தூக்கிவிடும். எந்த வேகத்தில் தூக்கும் என்பதை 1960களில் அமெரிக்காவின் நாசா விமானச் சக்கரங்களை வைத்துக் கணக்கிட்டது: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து அந்த வேகம் கூடும். 30 பவுண்டு வைத்த காருக்கு மணிக்கு சுமார் 90 கிலோமீட்டர். 100 பவுண்டு வைத்த லாரிக்கு 165ஐத் தாண்டும், அந்த வேகத்தில் நம் லாரி எதுவும் போகப்போவதில்லை. ஆனால் லோடு இறக்கிய லாரிக்கு இந்தக் கணக்கு செல்லாது. பாரம் குறைந்ததும் தரையைத் தொடும் பரப்பு நீளத்தில் சுருங்கிவிடுவதால் சாதாரண வேகத்திலேயே தண்ணீர் அதைத் தூக்கும். டயர் எடுக்க வந்திருந்த டிரைவர் ஒருவர், “மழையில காலி வண்டி ஓட்டறதுதாங்க பயம்” என்றது இதைத்தான்.

வேலையின் மற்ற கட்டங்கள் வேகமாக நடக்கின்றன. பழைய ரப்பரைச் சுரண்டி எடுக்கிறார்கள். தூள் மூட்டையாகி விலைக்குப் போகிறது. சொல்யூஷன் அடித்து, மெல்லிய குஷன் கம் ஒட்டி, முன்பே வெந்து பட்டன் வைத்து வந்த ட்ரெட் பட்டையை அளவாக வெட்டிச் சுற்றி, உருளையால் காற்றுக் குமிழ் இல்லாமல் அழுத்தி, ரப்பர் உறை போட்டுச் சேம்பருக்குள் தள்ளுகிறார்கள். நூறு டிகிரிக்குச் சற்று மேலே, சில மணி நேரம். அந்த நெடிக்குக் கடைசிவரை என் மூக்கு பழகவில்லை. இந்த ட்ரெட் ரப்பர் சாமானியச் சரக்கு அல்ல. 1946இல் திருவொற்றியூரில் பலூன் செய்து தொடங்கிய எம்ஆர்எஃப், 1952இல் கை வைத்தது ட்ரெட் ரப்பரில்தான். டயர் செய்தது அதற்குப் பிறகு.

ஃபோர்மேன் இரண்டு பட்டைகளை என் முன்னால் போட்டு நகத்தால் அழுத்தச் சொன்னார். ஒன்றில் நகம் கொஞ்சம் பதிந்தது, மற்றதில் பதியவே இல்லை. மிருதுவான ரப்பர் ஜல்லியை நன்றாகப் பிடிக்கும், சூடாகும், சீக்கிரம் கரையும். கெட்டியானது நெடுநாள் உழைக்கும், பிடிப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கார் டயரில் செயற்கை ரப்பரையும் சிலிக்காவையும் கலந்து ஈரப்பிடிப்பைக் கூட்டிக்கொள்ள முடிகிறது. பாரம் சுமந்து மணிக்கணக்கில் ஓடும் லாரி டயருக்குச் சூடுதான் எமன். அதனால் அதில் அதிகம் சூடேறாத இயற்கை ரப்பரே பிரதானம். பிடிப்பும் ஆயுளும் ஒரே சரக்கிலிருந்து பங்கு கேட்கின்றன. யாருக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்வது பொறியாளர் மட்டுமல்ல, காசு கொடுப்பவரும்தான்.

“வர்றவங்க என்ன கேப்பாங்க?” என்றேன்.

“எத்தனை கிலோமீட்டர் ஓடும்னு கேப்பாங்க. வேற எதுவும் கேக்க மாட்டாங்க.”

“கொல்லிமலை ஏறுற வண்டி? எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கே?”

“டிரைவரே ஓனரா இருந்தா மிருதுவானதை எடுத்துக்குவாருங்க” என்று சொல்லிவிட்டு, கெட்டியான பட்டையை அளவு நாடாவோடு மேசைக்கு நகர்த்தினார். அன்றைய ஆர்டர் அத்தனையும் அதற்குத்தான்.