குறோக் பார்க்கில் ஒரு சனிக்கிழமை

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்குத் தரப்பட்டது விளையாட்டுப் பக்கம். அரசியல் எழுத வேண்டும் என்ற கனவோடு கொழும்புக்கு வந்தவனுக்கு அது ஒரு தண்டனையாகவே தோன்றிற்று. ஆயினும் நான்கு ஆண்டுகள் அந்த மேசையில் இருந்தேன். கிரிக்கெட், உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம், பாடசாலை மெய்வல்லுநர் போட்டி என்று பக்கம் தானாகவே நிரம்பிவிடும். இவை தவிர்ந்த விளையாட்டுகளும் உலகில் உண்டு என்று அக்காலத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொன்ன ஒருவரை நான் மதிக்கவில்லை. அது பற்றிப் பின்னர் எழுதுகிறேன்.

2019 ஆம் ஆண்டு ஜூலை மாதம் டப்ளின் நகரில் வாழும் என் தமக்கையின் மகன் வீட்டில் சில வாரங்கள் தங்க நேர்ந்தது. போய் இறங்கிய மறுநாள் காலையில், வாசற் பக்கத்தில் குடைகளோடு சாத்தி வைக்கப்பட்டிருந்த ஒரு தடியைக் கண்டேன். பெரியதோர் அகப்பையின் தலையைத் தட்டையாக்கிச் சற்றே வளைத்தது போன்ற தோற்றம்.

"இதென்ன தம்பி, சமையலுக்கோ சண்டைக்கோ?" என்று மருமகனைக் கேட்டேன்.

"சின்னவன்ர ஹேர்லிங் மட்டை, மாமா. அதை எடுத்தீங்களெண்டால் சண்டைதான்" என்று சிரித்தான்.

சின்னவனுக்கு அப்போது பத்து வயது. அன்று மாலை வீட்டின் பின்புறத்துப் புல்தரையில் எனக்கு அவன் ஆசானானான். ஹேர்லிங் என்பது அணிக்குப் பதினைந்து பேர் ஆடும் ஆட்டம். மட்டைக்கு ஐரிஷ் மொழியில் கமான் என்று பெயர். பந்து தோலால் ஆனது. கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுச் சிறியது, எடை குறைந்தது. தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது. மட்டையால் ஏந்தித்தான் எடுக்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு நான்கு அடிகளுக்கு மேல் நகரவும் கூடாது. அதற்கு மேல் ஓட விரும்பினால் பந்தை மட்டையின் நுனியில் நிறுத்திக்கொண்டு ஓட வேண்டும். கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடும் நமது பாடசாலைப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே பதினைந்து பேர் மட்டைகளோடு துரத்தி வருகிறார்கள். அன்றைய மாலை முழுவதும் முயன்றும் பந்தை ஒரு தடவையேனும் என்னால் தரையிலிருந்து எடுக்க இயலவில்லை. "தாத்தா, நீங்க பந்தைப் பாக்கிறீங்கள் இல்லை, என்னைப் பாக்கிறீங்கள்" என்று அவன் கண்டித்தான்.

ஜூலை 27, சனிக்கிழமை, மருமகன் எங்கள் இருவரையும் குறோக் பார்க் மைதானத்துக்கு அழைத்துச் சென்றான். எண்பத்திரண்டாயிரம் பேர் கூடக்கூடிய அரங்கம் அது. அன்று அகில அயர்லாந்து அரையிறுதி. கில்கெனி மாவட்டமும், முந்திய ஆண்டின் சாம்பியனான லிமெரிக் மாவட்டமும் மோதின. கோல் கம்பங்கள் ஆங்கில 'எச்' எழுத்தின் வடிவில் நிற்கின்றன. குறுக்குக் கம்பத்துக்குக் கீழே பந்து வலைக்குள் சென்றால் மூன்று புள்ளிகள், மேலே சென்றால் ஒரு புள்ளி. இரண்டையும் தனித்தனியே எழுதுவார்கள். பலகையில் 1-21 என்று கண்டதும், பழைய விளையாட்டு ஆசிரியனான நான், யாரோ படுதோல்வி அடைந்துவிட்டார்கள் என்று இரக்கப்பட்டேன். அது கில்கெனியின் கணக்கு மட்டுமே என்று சின்னவன் விளக்கினான். ஒரு கோலும் இருபத்தொரு புள்ளிகளும் சேர்ந்து 24. லிமெரிக் 2-17, அதாவது 23. ஒரேயொரு புள்ளி வித்தியாசம். இறுதிக் கணத்தில் கில்கெனி வீரர் ஒருவரின் மட்டையில் பட்டு வெளியே சென்ற பந்துக்கு லிமெரிக் அணிக்குக் கிடைக்க வேண்டிய வாய்ப்பை நடுவர்கள் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். நம்மூர் மைதானமாக இருந்தால் நாற்காலிகள் பறந்திருக்கும்.

இங்கே பறக்கவில்லை. இரு தரப்பு ரசிகர்களையும் வேலி போட்டுப் பிரிக்கும் வழக்கமே இந்த ஆட்டத்தில் இல்லை. எனக்கு வலப்புறம் லிமெரிக்கின் பச்சைச் சட்டை, அதற்கடுத்து கில்கெனியின் கறுப்பு மஞ்சட் சட்டை. பச்சைச் சட்டைக்காரர் ஒரு விவசாயி. ஆட்டம் முடிந்தபோது அவரது கண்கள் கலங்கியிருந்தன. ஆயினும் எழுந்து பக்கத்து ஆசனக்காரருக்குக் கை கொடுத்த பின்னரே வெளியேறினார். இடைவேளையில் அவரிடம், இந்த வீரர்களுக்கு என்ன சம்பளம் என்று விசாரித்திருந்தேன். சம்பளம் கிடையாது என்றார். நான் தவறாகக் கேட்டுவிட்டேனோ என்று ஐயுற்று மறுபடியும் வினவினேன். பயணச் செலவும் அரசாங்கத்தின் சிறியதொரு உதவித்தொகையும் உண்டு. ஆடுவதற்கென்று ஊதியம் இல்லை. ஆசிரியர்கள், கமக்காரர்கள், பொலிஸார் என்று பலவகைத் தொழில் செய்பவர்கள் திங்கட்கிழமை தத்தம் வேலைக்குப் போய்விடுவார்கள். பணம் கொடுத்து ஒரு வீரரை வாங்கவும் முடியாது. எந்த ஊரில் பிறந்து வளர்ந்தாரோ அந்த ஊருக்கே பெரும்பாலும் அவர் ஆடுகிறார்.

இதன் வேர் அரசியலில் இருக்கிறது. ஆங்கிலக் குடியேறிகள் ஹேர்லிங் ஆடக் கூடாது என்று 1366 ஆம் ஆண்டிலேயே கில்கெனியில் சட்டம் இயற்றினார்கள். 1884 நவம்பர் முதலாம் திகதி தர்லஸ் என்ற சிற்றூரின் விடுதி ஒன்றில் மைக்கேல் கியூசாக் உள்ளிட்ட விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் கூடிக் கேலிக் விளையாட்டுச் சங்கத்தை அமைத்தனர். அழிந்துகொண்டிருந்த ஹேர்லிங், கேலிக் உதைபந்தாட்டம் போன்றவை அதன் பின்னரே ஒழுங்கான விதிகளோடு தலைநிமிர்ந்தன. பெண்கள் ஆடும் ஹேர்லிங்குக்குக் கமோகி என்று பெயர். கோர்க், ஆர்மா மாவட்டங்களின் நாட்டுப்புறத் தெருக்களில் இரும்புக் குண்டை எறிந்துகொண்டே மைல் கணக்கில் நடக்கும் வீதிப் பந்தாட்டமும் உண்டு. யார் குறைந்த எறிகளில் எல்லையைத் தொடுகிறாரோ அவருக்கே வெற்றி. வாகனங்கள் வந்தால் காத்திருக்க வேண்டியதுதான். அதைப் பார்க்க எனக்கு வாய்க்கவில்லை என்பது இன்றும் ஒரு குறை.

தன் விளையாட்டைக் காக்கப் புறப்பட்ட அச்சங்கம் பிறரது விளையாட்டை வெறுக்கவும் கற்றது. கிரிக்கெட், றக்பி, உதைபந்தாட்டம் ஆகியவற்றை ஆடும் உறுப்பினர்களுக்குத் தடை விதித்தார்கள். பார்க்கப் போவதும் குற்றமாயிற்று. ஐரிஷ் மொழியை மீட்க வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர் டக்ளஸ் ஹைட், நாட்டின் முதலாவது ஜனாதிபதியான 1938 இலேயே, போலந்துக்கு எதிரான ஓர் உதைபந்தாட்டப் போட்டியைப் பார்க்கச் சென்றார் என்பதற்காகச் சங்கத்தின் காப்பாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். ஜனாதிபதி தன் நாட்டு அணியின் ஆட்டத்தைப் பார்த்தது குற்றம்! இவ்வகைத் தூய்மைவாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நமது வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்தத் தடை 1971 இல்தான் நீங்கியது.

வெறுப்புக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. நாங்கள் அமர்ந்திருந்த பார்வையாளர் மேடைக்கு ஹோகன் என்று பெயர். 1920 நவம்பர் 21 காலையில் ஐரிஷ் போராளிகள் டப்ளினில் பிரித்தானிய உளவாளிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அன்று பிற்பகல் இதே மைதானத்தில் டப்ளினும் டிப்பரரியும் உதைபந்தாடிக்கொண்டிருந்தபோது அரச படையினர் நுழைந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டனர். பதினான்கு பேர் மாண்டனர். டிப்பரரி வீரர் மைக்கேல் ஹோகன் அவர்களுள் ஒருவர். மூவர் சிறுவர்கள்; ஒருவனுக்கு வயது பத்து. சின்னவனைப் பார்த்தேன். அவன் உருளைக்கிழங்குப் பொரியலைத் தின்றுகொண்டிருந்தான்.

அதே மைதானத்தில் 2007 பெப்ரவரி 24 அன்று இங்கிலாந்து றக்பி அணி ஆடிற்று. அந்நிய ஆட்டங்களுக்கு மைதானத்தைத் திறப்பதா என்று நாடே விவாதித்து, 2005 இல் விதியைத் தளர்த்தியிருந்தார்கள். பிரித்தானிய தேசிய கீதம் அங்கே இசைக்கப்பட்டபோது கூட்டம் அமைதியாக நின்று கேட்டது. பின்னர் அயர்லாந்து 43-13 என்று வென்றது. மருமகன் அப்போது புதிதாக வந்திருந்த மாணவன், தொலைக்காட்சியில் பார்த்தானாம். "கீதம் முடியும் மட்டும் ஒரு சனமும் மூச்சு விடேல்லை, மாமா" என்றான்.

திரும்பும் வழியில் சின்னவன் கேட்டான். "தாத்தா, உங்கட ஊரில என்ன விளையாட்டு?"

கிரிக்கெட் என்று சொல்ல வாய் கூசிற்று. கிளித்தட்டு என்றேன். அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தார். வடமராட்சியிலிருந்து எழுதும் எங்கள் பிரதேச நிருபர். கோயில் திருவிழாவையொட்டி ஊர்களுக்கிடையே நடக்கும் கிளித்தட்டுப் போட்டிகளின் முடிவுகளை, ஆடியவர்களின் பெயர்களோடு, இரண்டு பக்கம் கையால் எழுதித் தபாலில் அனுப்புவார். ஒவ்வொரு முறையும் அதை நான் குப்பைக் கூடையில் போட்டேன். ஒருமுறை நேரிலேயே காரியாலயத்துக்கு வந்துவிட்டார்.

"பக்கத்தில இடமில்லை ஐயா" என்றேன்.

"இங்கிலாந்தில நடக்கிற கவுண்டி மாட்சுக்கு இடமிருக்குதே தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் திருமணம், மரணம், பேருந்து விபத்து ஆகியவற்றை மட்டுமே அனுப்பினார். அந்தத் தாள்களில் இருந்த பெயர்கள் வேறெங்கும் பதிவாகியிருக்க வழியில்லை.

மறுநாள் காலை சின்னவன் தன் நண்பர்கள் எழுவரைக் கூட்டி வந்துவிட்டான். புல்தரையில் மாவால் கோடுகள் இழுத்தேன். குறுக்குக் கோடுகளில் மறிப்பவர்கள். நெடுங்கோட்டில் ஓடுபவர் கிளி. அடிபடாமல் எல்லாத் தட்டுகளையும் கடந்து மீண்டு வந்தால் பழம். இவ்வளவும் சொன்னேன். "பழமும், இன்னும் போய்க்கொண்டிருக்கிறவனும் ஒரே பெட்டிக்குள்ள சந்திச்சால் என்ன செய்யிறது?" என்று ஒரு பையனுக்காகச் சின்னவன் கேட்டான். எனக்கு மறந்துவிட்டிருந்தது. கனடாவில் இருக்கும் என் பள்ளித் தோழனை உறக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டேன். அவனும் சற்று யோசித்துவிட்டு, அண்ணனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னான்.

பிள்ளைகள் அதற்குள் தாங்களே ஒரு விதியை அமைத்து ஆடத் தொடங்கியிருந்தார்கள்.