தலைச்சோலைக் காற்றின் வரவு செலவு

ஏற்காடு பக்கம் தலைச்சோலைக்குப் போய் வந்தவர்கள் காற்றைத்தான் புகழ்வார்கள். அதிலும் சேலத்துக் காற்றைப் போலவே 78 சதவீதம் நைட்ரஜன்தான்! ஒரு மூலக்கூறில் இரண்டு அணுக்கள். அவற்றை இறுக்கிப் பிடித்திருப்பது எந்த எலக்ட்ரான்?

1962இல் லண்டனில் டேவிட் டர்னர் குழு இதற்கெல்லாம் ஒரு கணக்கு வழி காட்டியது. ஹீலியம் விளக்கின் ஒவ்வொரு ஒளித்துகளும் 21.22 எலக்ட்ரான் வோல்ட் கொண்டுவரும். அது வரவு. ஒளி பட்டதும் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரான் வெளியே பாயும். அதன் வேகத்தில் இருப்பது மிச்சம். வரவில் மிச்சத்தைக் கழித்தால் செலவு.

நைட்ரஜனில் 15.6 செலவில் ஓர் எலக்ட்ரான் வெளியேறும்போது கிட்டத்தட்ட ஒற்றைக் கோடுதான். அணுக்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. 16.7இல் தொடங்கும் அடுத்த எலக்ட்ரான் போனாலோ, ஏணிப்படி மாதிரி வரிசையாகக் கோடுகள்! ஒவ்வொரு படியும் அணுக்கள் அதிர்வதற்கான செலவு, சுமார் 0.23. எலக்ட்ரான் எதையும் இழக்காத நைட்ரஜனில் அந்தப் படி 0.29. படி சிறுத்தால் பிணைப்பு தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆக, இறுக்கிப் பிடித்ததில் இந்த எலக்ட்ரானுக்குப் பெரிய பங்கு உண்டு.

திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928இல் மூலக்கூறின் அதிர்வை ஒளியின் கணக்கில் படித்தார். இது எலக்ட்ரானின் கணக்கு. எலக்ட்ரானுக்கு ஒன்று, அணுக்களின் அசைவுக்கு ஒன்று என்று தனித்தனிப் பேரேடு போட்டால் இந்தக் கணக்கு நேராகாது.