பூசத்து நிலவுக்குத் தெற்கே

தைப்பூசத்தன்று நள்ளிரவு தாண்டிப் பினாங்கின் தண்ணீர்மலையில் 513 படி ஏறி நின்றால், முழுநிலவு ஏறக்குறைய தலைக்கு நேரே பூச நட்சத்திரத்தின் பக்கம் நிற்கும். அதற்குத் தெற்கே கொஞ்சம் தள்ளி, வெறுமையாகத் தெரிகிற வானத்தில், சூரியனின் நான்காவது அண்டை இருக்கிறது. 7 ஒளியாண்டுக்குச் சற்று கூடுதலான தூரம். பெயர் வைஸ் 0855−0714. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கெவின் லூமன் அதை அறிவித்தது 2014இல்தான்.

இத்தனை பக்கத்தில் இருந்தும் அதுவரை அகப்படாததற்குக் காரணம், அது எரியாதது. வியாழனைப் போல 3 முதல் 10 மடங்கு நிறை. ஹைட்ரஜன் பற்றிக்கொள்ள அது போதாது. பிறந்தபோது இருந்த சூட்டை மட்டும் மெல்ல விட்டுக்கொண்டிருக்கும் பழுப்புக் குறுமீன். லூமன் முதலில் மதிப்பிட்ட வெப்பம் உறைநிலைக்குக் கீழே 13 முதல் 48 பாகை. பினாங்கில் ஐஸ் பெட்டிக்குள்தான் அந்தக் குளிர் உண்டு. நீறு பூத்த நெருப்பைக் கண் அறியாது, உள்ளங்கையை மேலே பிடித்துப் பார்க்க வேண்டும். விண்ணில் அந்த வேலையை வைஸ், ஸ்பிட்சர் என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கிகள் செய்தன. வெவ்வேறு மாதங்களில் எடுத்த படங்களை ஒப்பிட்டபோது ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. அங்கே நீர் அல்லது பனிக்கட்டி மேகங்கள் இருப்பதற்கான அறிகுறியும் 2016இல் கிடைத்தது.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பக்கத்தில் இருப்பதாலேயே ஒருவர் நமக்குத் தெரிந்தவராகிவிட மாட்டார். பூசத்தன்று தண்ணீர் பந்தலின் முன்பக்கம் மைக்கில் நன்கொடையாளர் பெயர்களை வாசிப்பார்கள். பின்பக்கம் ஒருவர் குந்தி உட்கார்ந்து மோர் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருப்பார். விரல் நுனிகள் நீரில் ஊறி வெளுத்திருக்கும். வாசிக்கிற பட்டியலில் அவர் பெயர் வராது. அவரிடம் போய்ப் பேசுங்கள், சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.

இப்படிப்பட்ட எரியாத குறுமீன்களை யாரும் காணும் முன்பே கணக்கில் கண்டவர், இந்தியாவில் பிறந்த சிவ் எஸ். குமார். அவரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. சூரியனின் நிறையில் ஏறக்குறைய 7 விழுக்காட்டுக்குக் குறைந்தால் விண்மீன் பற்றாது, எலக்ட்ரான்களின் அழுத்தமே அதைச் சுருங்கவிடாமல் தாங்கும் என்று அமெரிக்காவில் இருந்து கணக்கிட்டார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர் வெண்குறுமீன்களுக்குக் கையாண்டதும் அதே அழுத்தம்தான். குமாரின் கட்டுரை 1963இல் அச்சானது. ஐயத்துக்கு இடமில்லாத முதல் பழுப்புக் குறுமீன்கள் 1995இல்தான் பிடிபட்டன. தன் கணக்கு பலித்ததைப் பார்க்க அவர் இருந்தார்.