ஐந்தாவது ஆட்டின்

2022 மே மாதத்தில ஒரு இரவு. கரண்ட் வந்து ஒரு மணித்தியாலம் இருக்கும். அம்மா படுத்துவிட்டா. வெளிநாட்டு ஆளொருத்தருக்கு லோகோ வரைகிறேன் என்று அவவுக்குச் சொல்லியிருந்தேன். வரைந்தது உண்மைதான், ஆனால் அது பின்னேரமே முடிஞ்சுது. அந்த நேரம் லப்டொப்பில திறந்திருந்தது ஒரு போக்கர் மேசை. 10 சதம், 25 சதம் மேசை, ஆறு பேர், ஆளுக்கு 25 டொலர். சின்னக் காசுதானே என்று நினைப்பீர்கள். அந்த வருசம் மார்ச்சுக்கு முதல் ஒரு டொலர் 200 ரூபாய் சொச்சம். மே மாதம் 360 அளவில நிண்டது. 25 டொலர் எண்டால் 9000 ரூபாய்.

நான் காட்ஸ் பழகினது 304 அடிச்சுத்தான். சித்தப்பா வீட்டு விறாந்தையில, ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று எண்ணி எண்ணி. நாலு பேர் இருந்தால் 32 காட்டும் ஆளுக்கு எட்டாகப் பிரிஞ்சு போயிடும். துரும்பு ஒளிஞ்சிருக்கலாம், ஆனால் புதுசா ஒண்டும் வானத்தில இருந்து விழாது. கையில நல்லது இருந்தால் அது நல்லதுதான். போக்கருக்கு வந்தபோதும் அந்தப் புத்தியோடதான் வந்தேன். போக்கரில ஆளுக்கு ரெண்டு காட், நடுவில எல்லாருக்கும் பொதுவா ஐந்து. முதல் மூண்டு ஃப்ளாப், நாலாவது டேர்ன், ஐந்தாவது ரிவர். இப்ப வெல்லுற கை அடுத்த காட்டில தோற்கலாம். இது எனக்குத் தெரியும், ஆனால் உடம்பில ஏறவில்லை.

அண்டைக்கு என்னட்ட ஒரு ஆஸும் ஒரு ராசாவும், ரெண்டும் ஆட்டின் இல்லை. 75 சதம் போட்டேன், ஒருத்தர் மட்டும் கோல் பண்ணினார். பொட்டில 1 டொலர் 85 சதம். ஃப்ளாப்பில ஆட்டின் ராசா, ஆட்டின் எட்டு, பிறகு ஒரு மூண்டு. எனக்கு ராசா சோடி, துணைக்கு ஆஸ். 60 சதம் போட்டேன். கோல். டேர்னில ஒண்டுக்கும் உதவாத ஒரு ரெண்டு வந்தது, ஆட்டின் இல்லை. பொட் இப்ப 3 டொலர் 5 சதம். அவர் ரெண்டு ஆட்டின் வைச்சுக்கொண்டு ஐந்தாவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று மனசு சொன்னது. அப்படி ஐந்து ஆட்டின் சேர்ந்தால் அது ஃப்ளஷ், என்ர ராசா சோடி காலி. நான் 1 டொலர் போட்டேன். கோல். ரிவர் ஆட்டின் ஜாக். அவர் 5 டொலர் போட்டார். நான் கோல் பண்ணினேன். ஃப்ளஷ்.

மொத்தம் 7 டொலர் 35 சதம் போனது. விடியக் காலமை அம்மாவோட காஸ் வரிசையில நிக்கேக்க அது அரைச் சிலிண்டருக்கு மேல என்று கணக்குப் பார்த்துக்கொண்டு நிண்டேன்.

கம்பஸில கணிதம் படிக்கிற ஒரு பெடியன் இருக்கிறான், அவனும் விளையாடுவான். அவனிட்ட "என்ர விதியைப் பார் மச்சான், இருபது வீதத்துக்கு வந்து விழுகுது" என்று புலம்பினேன். ஒன்லைன் மேசையில விளையாடின ஒவ்வொரு கையும் பதிவாகி இருக்கும். அதை அனுப்பச் சொன்னான். பார்த்துவிட்டு, "அவன் சரியாத்தான் விளையாடி இருக்கிறான். நீதான் அவனுக்குக் காசு குடுத்துக் கூப்பிட்டிருக்கிறாய்" என்றான்.

கணக்கு இதுதான். டேர்னில நிக்கிற ஆளுக்குத் தெரியாத காட் 46. அதில ஆட்டின் 9. அதாவது 19.6 வீதம். நான் பொட்டில மூண்டில ஒரு பங்கு போட்டேன். 1 டொலர் குடுத்தால் அவருக்கு 4 டொலர் 5 சதம் கிடைக்கலாம். அதுக்கு 19.8 வீதம் வெற்றி காணும். கிட்டத்தட்ட சரிக்குச் சரி. அவருக்கு என்ர பெட் ஒரு தடையே இல்லை, ரிக்கற் விலை. அதோட, ஆட்டின் வந்தால் நான் இன்னும் 5 டொலர் குடுப்பேன் என்று அவருக்குத் தெரியும். அதையும் சேர்த்தால் 10 வீதம் வெற்றியே போதும். பெடியன் கூட்டிக் கழிச்சுக் காட்டினான்: அந்த 1 டொலர் கோலில ஒவ்வொரு முறையும் அவருக்குச் சராசரி 97 சதம் லாபம். ஆட்டின் வராத இரவுகளிலும் நான் அதை இழந்துகொண்டுதான் இருந்திருக்கிறேன், கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரி, பெருசாப் போடுவம் என்று ஒரு கிழமை முழுக்க பொட்டை விடக் கூடப் போட்டேன். துரத்திவிட்டால் பிரச்சினை முடிஞ்சுதே! எல்லாரும் ஓடினார்கள். என்னை விடச் சின்ன ராசா வைச்சிருந்தவையும் ஓடினார்கள். ஓடாமல் நிண்டவை மூண்டு எட்டு, மூண்டு மூண்டு வைச்சிருந்தவை. பெடியன் தலையில அடிச்சான். "டேய், நீ அவனைத் துரத்தோணும் எண்டு நினைக்கிறாய். அவன் போனால் அவன் பிழை விடேல்லை. அவன் இருக்கோணும். ஆனா கூட விலை குடுத்து இருக்கோணும்."

இந்த வசனம் எனக்கு ஏற கன நாள் எடுத்தது. ஐந்தில நாலு தரம் நான் வெல்லுகிற இடத்தில, அவர் போகவேண்டும் என்று ஏன் ஆசைப்பட்டேன்? ஐந்தாவது தரத்தைப் பார்க்கப் பயம். 1 டொலர் போட்டதும் அதே பயம்தான்: தோற்றாலும் கொஞ்சமாத் தோற்பம் என்று. சின்ன பெட்டும் பெரிய பெட்டும் ஒரே ஆளுடைய ஒரே வியாதி.

அந்த டேர்னில 2 டொலர் போட்டிருக்கலாம். பொட்டில மூண்டில ரெண்டு. அப்ப அவருக்கு 28 வீதத்துக்கு மேல வேணும், இருக்கிறது 19.6. சின்ன ராசாக்காரரும் நிண்டிருப்பார்கள். ஆனால் அதிலயும் ஒரு பொறி இருக்கு. ஆட்டின் வந்த பிறகு நான் சராசரி 3 டொலர் 17 சதத்துக்கு மேல குடுத்தால், அவருடைய பிழையான கோலைத் திரும்பவும் நானே சரியாக்கிவிடுகிறேன். அதாவது டேர்னில நான் போடுகிற விலை, ரிவரில என்ர கை எவ்வளவு இறுக்கம் என்பதைப் பொறுத்தது. அண்டைக்கு நான் 5 டொலர் குடுத்தது அவர் சும்மா வெருட்டுறார் என்று நம்பி இல்லை. ரெண்டு தரம் பேசாமல் கோல் பண்ணினவர் ஆட்டின் விழுந்தவுடன் பொட் அளவுக்குப் போடுகிறார். அந்தச் சின்ன மேசைகளில அநேகமா அது உண்மைதான். எனக்கும் தெரியும். இவ்வளவு நேரம் முன்னுக்கு நிண்ட கையை விட ஏலாமல்தான் கோல் பண்ணினேன். 304 புத்தி.

ஒவ்வொரு தரமும் விடவும் ஏலாது. எப்பவும் விடுகிறவன் என்று தெரிஞ்சால் ஆட்டின் இல்லாதவையும் ஆட்டின் இருக்கிற மாதிரிப் போடுவார்கள். ஃப்ளஷ்ஷுக்கும் வரிசைக்கும் சேர்த்து 15 காட் பார்த்துக்கொண்டு ஃப்ளாப்பில நிக்கிறவருக்கு, மிச்ச ரெண்டு காட்டையும் பார்க்க விட்டால் பாதிக்கு மேல வாய்ப்பு. அவருக்கு எந்த விலையும் விலையில்லை. அது வேற கதை.

கணக்குத் தெரிஞ்ச பிறகு காசு குவிச்சேன் என்று நினைக்காதேங்கோ. மேலே சொன்ன கணக்கில, தளம் பொட்டுகளில வெட்டி எடுக்கிற பங்கை நான் சேர்க்கவே இல்லை. மொத்தத்தில எனக்கு நட்டம்தான்.

ஜூனில ஒரு இரவு கிட்டத்தட்ட அதே கை வந்தது. ராசா சோடி, நடுவில ரெண்டு ஆட்டின், பொட்டும் 3 டொலர் அளவில. டேர்னில 2 டொலர் போட்டேன். கோல். ரிவர் ஆட்டின் நாலு. அவர் 5 டொலர் போட்டார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது, 15 செக்கன், 10 செக்கன். ஃபோல்ட் பண்ணினேன். அவர் காட்டைக் காட்டவில்லை.

அம்மா தண்ணி குடிக்க எழும்பி வந்தா. "இன்னும் முடியேல்லையே தம்பி அந்தப் படம்?"

"முடிஞ்சுது அம்மா" என்று சொல்லி லப்டொப்பை மூடினேன்.