12 வோல்ட் வந்தும் சுற்றாத ஃபேன்

மதுரை பைபாஸ் சாலையில் உள்ள ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறை. பானெட்டைத் திறந்து வைத்தபடி ஒரு பழைய கார் நிற்கிறது. "நாலுவழிச் சாலையில போனா ஒண்ணும் ஆகலண்ணே. காளவாசல் சிக்னல்ல நின்னா டெம்பரேச்சர் முள்ளு சரசரன்னு ஏறுது. மோட்டாரை மாத்தணும்னு ஒரு இடத்துல சொன்னாங்க" என்கிறார் காரின் உரிமையாளர்.

எலக்ட்ரீசியனுக்கு இதுவே முதல் தடயம். வண்டி வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போதுதான் ஃபேன் வேண்டும். கூலன்ட் அளவை ரிசர்வ் டேங்கில் பார்த்துக்கொண்டார். சூடு இருந்ததால் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவில்லை. திறந்தால் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

அடுத்து, ஏசியைப் போடச் சொன்னார். இந்தக் காரில் ரேடியேட்டருக்கும் ஏசிக்கும் ஒரே ஃபேன். ஏசி போட்டதும் அது சுற்றியாக வேண்டும், சுற்றவில்லை. சுற்றியிருந்தால் மோட்டாரை விட்டுவிட்டு டெம்பரேச்சர் சென்சார் பக்கம் போயிருப்பார்.

30 ஆம்பியர் ஃபியூஸின் இரு முனைகளிலும் டெஸ்ட் லேம்ப் எரிந்தது. ரிலே மேல் விரலை வைத்தார். ஏசி போடும்போது 'டிக்'கென்று தட்டியது. அப்படியென்றால் 85, 86 எண் கால்களுக்கு நடுவே உள்ள காயிலுக்குக் கட்டளை வருகிறது. உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கலாமே? ரிலேயைக் கழற்றி, சாக்கெட்டில் 30, 87 இரண்டையும் ஃபியூஸ் வைத்த ஒயரால் இணைத்தார். அப்போதும் ஃபேன் அசையவில்லை. ரிலே மீது பழி இல்லை.

ஃபேன் கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தார். 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. "கரண்ட் வருது, ஃபேன் ஓடல. அப்ப மோட்டார்தானே?" என்றார் உரிமையாளர். பலரும் மோட்டார் வாங்கக் கிளம்புவது இந்த இடத்தில்தான்.

"இருங்க சார்" என்று பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேரடியாக ஒயர் கொடுத்தார். ஃபேன் சீறிக்கொண்டு சுற்றியது. மோட்டார் நன்றாகவே இருக்கிறது.

கப்ளரை மறுபடி மாட்டி, சர்க்யூட் இணைந்திருக்கும் நிலையிலேயே அளந்தார். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை ஃபேனின் எர்த் ஒயரில். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 10 வோல்ட்டுக்கு மேல் நின்றது. ஒயரைப் பிடித்தபடி போனால், ஹெட்லைட்டுக்குப் பின்னால் எர்த் போல்ட் துருவேறிக் கிடந்தது.

மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிக மிகச் சொற்பம். அதனால் துரு வழியாகவும் அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். ஃபேனுக்கோ 10 ஆம்பியர், அதற்கு மேலும் வேண்டும். வழியில் ஓர் ஓம் தடை இருந்தாலே, 10 ஆம்பியர் பாயும்போது 10 வோல்ட் அங்கேயே போய்விடும். லோடு இல்லாமல் எடுத்த அளவை நம்பக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக நான் கண்டதில்லை.

உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, வாசலின் தடவினார். ஃபேன் ஓடியது. அத்துடன் விடவில்லை. இணைப்பு ஒயரை எடுத்து ரிலேயை மறுபடி மாட்டி, ஏசியை அணைத்து இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டார்; சூடு ஏறியதும் ஃபேன் தானாக ஓடி, இறங்கியதும் நின்றது. சென்சாரும் சரி என்பதற்கு அதுவே சான்று. அதுவரை யாரையும் ஃபேன் பக்கம் கை நீட்ட விடவில்லை. சில கார்களில் இன்ஜின் அணைந்த பிறகும் அது திடீரென்று சுற்றும்.

இப்படித் தேடாமல் ஃபேனை 'டைரக்ட்' போட்டுவிடுவதும், 30 ஆம்பியர் இடத்தில் பெரிய ஃபியூஸ் செருகுவதும் நம் ஊரில் சகஜம். பெரிய ஃபியூஸ் போட்டால், ஃபியூஸ் போவதற்கு முன் ஒயரிங் உருகும். ஃபேன் மோட்டார் போய்விட்டது என்று யார் சொன்னாலும், அதைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியில் நேரடியாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அது ஓடினால், முதலில் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.