கண்டுபிடித்ததற்கும் கூலி உண்டு

எம்பிலிப்பிட்டியவில் பாட்டு செட் திருத்தும் மேசைகளுக்குப் பழுது இரண்டு திசைகளிலிருந்து வருகிறது. இறக்குவானை, காவத்தைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இறங்கி வரும் செட்டுகள் ஈரத்தில் கெட்டவை. வயரின் செம்பு பச்சை பூத்திருக்கும், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஊறித் தளர்ந்திருக்கும். உடவளவை நீர் பாயும் தாழ்நிலத்திலிருந்து வருபவை வெக்கையிலும் புழுதியிலும் கெட்டவை. வால்யூம் திருகியில் தூசி அடைந்து கரகரக்கும், மின்தேக்கிகள் உள்ளுக்குள் வற்றிப்போயிருக்கும். வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் மின்தேக்கியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது இத்தொழிலின் பாலபாடம். ஆகவே ஒரே கம்பனியின் ஒரே மாதிரிச் செட் இரண்டு, வெவ்வேறு விதமாகக் கெட்டு, ஒரே மேசைக்கு வரலாம். அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவரை ஊர் 'பாஸ்' என்று அழைக்கிறது. அவருக்கு நாம் கொடுக்கும் கூலி தவறான இடத்தில் கணக்காகிறது என்பதே நான் சொல்ல வருவது. மாற்றிய பாகத்துக்குக் கொடுக்கிறோம். பழுதைக் கண்டுபிடித்ததற்குக் கொடுப்பதில்லை.

'ஒரு பக்கம் பாடவில்லை' என்பது மிகச் சாதாரணமான முறைப்பாடு. தொழில் தெரிந்த பாஸ் இதற்காக உடனே ஸ்குரூ கழற்றமாட்டார். முதலில் பாலன்ஸ் திருகி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். பிறகு செட்டை அணைத்துவிட்டு, பின்புறத்தில் இடது ஸ்பீக்கர் வயரை வலதிலும் வலது வயரை இடதிலும் மாற்றிச் செருகுவார். முன்பு ஊமையாக இருந்த ஸ்பீக்கர் இப்போதும் ஊமையென்றால் குற்றம் ஸ்பீக்கரில் அல்லது அதன் வயரில். அது பாடி மற்றது ஊமையானால் குற்றம் செட்டுக்குள். ஸ்பீக்கர்மேல் சந்தேகம் வந்தால் மீட்டரை வைப்பார். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கரின் சுருள் மீட்டரில் 6, 7 ஓம் காட்டினால் அது நலமாக இருக்கிறது. முள் அசையவே இல்லையென்றால் சுருள் அறுந்துவிட்டது. 'உம்ம்' என்ற இரைச்சலுக்கும் இப்படி ஒரு விசாரணை உண்டு. வால்யூமைப் பூச்சியத்துக்கு இறக்கியும் இரைச்சல் அப்படியே நின்றால் மின்வழங்கிப் பகுதியின் பெரிய மின்தேக்கியைச் சந்தேகிக்க வேண்டும். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் அது வெளியிலிருந்து வருகிறது. தொலைக்காட்சியிலிருந்தோ கூரை டிஷ்ஷிலிருந்தோ வரும் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். பியூஸ் எரிந்த செட்டை நேரே 230 வோல்ட்டில் செருகமாட்டார்கள். 100 வாட் இழை மின்குமிழ் ஒன்றைத் தொடரில் இணைத்துக் கொடுப்பார்கள். மின்குமிழ் முழு ஒளியில் நின்றெரிந்தால் உள்ளே ஷார்ட். மின்னி மங்கினால் மேலே போகலாம். எல்இடி காலத்திலும் அந்தப் பழைய மின்குமிழ் மேசையை விட்டுப் போகாததன் காரணம் இதுதான்.

இத்தனையும் முடிந்தபின் மாற்றப்படுவது பல நேரம் ஒரு சிறு மின்தேக்கி, அல்லது ஈயப் பற்று விட்டுப்போன ஓர் இடம். வாடிக்கையாளர் காண்பது அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தைத்தான். 'இதற்கா இவ்வளவு?' என்ற கேள்வி அங்கிருந்தே பிறக்கிறது. அந்தக் கேள்வி தொழிலையே கெடுக்கிறது. பாகத்துக்கு மட்டும் பணம் என்றால், காரணத்தைத் தேடுபவருக்கு நட்டம், பெரிய பாகமாகப் பார்த்து மாற்றுபவருக்கு இலாபம். தோட்டத்து மாரியம்மன் திருவிழா நாட்களில் வீட்டு செட் ஒன்றின் ஒரே பக்கத்தில் மூன்று 8 ஓம் ஸ்பீக்கர்களைச் சமாந்தரமாக இணைத்தால் சுமை 3 ஓமுக்கும் கீழே போய்விடும். 4 ஓமுக்கென்று செய்த ஐசி வெந்துபோகும். ஐசியை மட்டும் மாற்றிக் கொடுத்தால் அடுத்த விசேஷத்தில் அதுவும் வேகும். 'வீட்டில் எத்தனை ஸ்பீக்கர் மாட்டினீர்கள்?' என்று கேட்பதுதான் அங்கே உண்மையான திருத்த வேலை. வெளிநாட்டு வேலைக்குப் போன பெண்கள் உழைத்து வாங்கிவந்த செட்டுகளிலும் இப்படி ஒன்று உண்டு. சவூதியில் நெடுங்காலம் 127 வோல்ட்டும் 220 வோல்ட்டும் புழக்கத்தில் இருந்தன. செட்டின் முதுகிலுள்ள சிறு தெரிவு சுவிட்ச் குறைந்த வோல்ட்டில் இருக்க, இங்கே 230இல் செருகினால் பியூஸோ டிரான்ஸ்போமரோ போகும். செருகுவதற்கு முன் அந்த சுவிட்சைத் திருப்பி வைப்பதற்குப் பாகம் ஒன்றும் தேவையில்லை. ஆனால் பல வருட உழைப்பில் வந்த பொருள் அதனால் பிழைக்கிறது.

புளூடூத் ஸ்பீக்கர் மலிவாகக் கிடைக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சீடி லென்ஸ் போன செட்டுக்குப் புதிய லென்ஸ் தேடுவது இன்று பெரும்பாலும் வீண். ஆனால் அந்த செட்டின் டிரான்ஸ்போமரும் அம்ப்பும் ஸ்பீக்கரும் நலமாகவே இருக்கும். ஒரு சிறிய புளூடூத் பலகையை உள்ளே பொருத்தினால் அது மறுபடி பாடும். பற்றரியோடு ஒட்டி மூடிய மலிவு ஸ்பீக்கருக்கோ பற்றரி களைத்த பிறகு பெரும்பாலும் குப்பைதான் இடம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது, இறக்குமதிப் பொருளை நம்பியிருப்பதன் விலை என்னவென்று தோட்டத்து லயன் வீடுகளுக்குத் தெரிந்தது. காணொளி பார்த்து நாமே செய்யலாமே என்பது அடுத்த வாதம். வயர் மாற்றிச் செருகிப் பார்ப்பது, பிளக் ஊசிகளைத் துடைப்பது, செட்டை அணைத்துவிட்டு வால்யூமை இருபது தடவை இப்படியும் அப்படியும் திருகித் தூசியை உதிர்ப்பது ஆகியவற்றை யாரும் செய்யலாம், செய்யவும் வேண்டும். மூடியைத் திறப்பது வேறு. காணொளியில் இருப்பது இன்னொருவர் செட்டின் பழுது. தவிர, பிளக்கைக் கழற்றிய பின்னும் பெரிய மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

கடைசி ஆட்சேபம் கடினமானது: பாஸ் ஏமாற்றினால்? ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. அதனால்தான் கூலியைப் பிரிக்கச் சொல்கிறேன். செட்டை ஒப்படைக்கும்போதே பார்ப்பதற்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளட்டும். திருத்தினாலும் திருத்தாவிட்டாலும் அது கொடுக்கப்படட்டும். பில்லில் முதல் வரியில் அந்தக் கூலியும் கண்ட பழுதும், இரண்டாவது வரியில் பாகத்தின் விலையும் இருக்கட்டும். கழற்றிய பழைய பாகத்தை ஒரு சிறு பையில் போட்டு செட்டோடு திருப்பிக் கொடுக்கட்டும்.