‘நல்ல நாய்’ என்றொரு பூனை... பீப்பாயில் ஓராண்டு உறங்கும் பீர்!

லா ஷோ-டு-ஃபோன் நகரிலிருந்து கிளம்பும் அந்தச் சிவப்பு நிற மீட்டர் கேஜ் ரயிலுக்கு எந்த அவசரமும் கிடையாது. சின்னச் சின்ன நிறுத்தங்களில் யாராவது பொத்தானை அழுத்தினால்தான் நிற்கும். இல்லையென்றால் தன் பாட்டுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். ஜன்னலுக்கு வெளியே பசும்புல் மேடுகள். புல்வெளி நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக ஸ்ப்ரூஸ் மரங்கள். மரத்தடியில் மாடுகளும் குதிரைகளும் ஒரே மந்தையாக மேய்கின்றன. முக்கால் மணி நேரத்துக்குள் சேன்யெலெஜியே வந்துவிடுகிறது.

சுவிட்சர்லாந்து என்றதும் நம் நினைவுக்கு வரும் பனி மூடிய ஆல்ப்ஸ் சிகரங்கள் இங்கே இல்லை. இது நாட்டின் வடமேற்கு மூலையில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ஜூரா மலைப்பகுதி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் பீடபூமி. சுற்றுலாக் கூட்டம் குறைவு. சேன்யெலெஜியேயின் மக்கள்தொகையும் சில ஆயிரங்கள்தான். ஆனால், பீர் ரசிகர்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் இந்த ஊரின் பெயரைத் தேடிப்பிடித்து வருகிறார்கள். காரணம், இங்குள்ள சின்னஞ்சிறு பீர் ஆலை ஒன்று.

வரி இல்லாத மலை

இந்தப் பீடபூமியின் பெயர் ஃபிரான்ஷ் மொன்டாஞ். ‘சுதந்திர மலைகள்’ என்று பொருள். பெயருக்குப் பின்னால் ஒரு சலுகைக் கதை இருக்கிறது. கடுங்குளிரும் அடர்ந்த காடுமாகக் கிடந்த இந்த இடத்தில் யாரும் குடியேற முன்வரவில்லை. அப்போது இப்பகுதியை ஆண்ட பாசல் நகரின் ஆயர், 1384-ல் ஓர் ஆணை வெளியிட்டார். இங்கே வந்து காட்டைத் திருத்திக் குடியேறுபவர்களுக்கு வரிவிலக்கு! அதை நம்பி வந்தவர்களின் வாரிசுகள் மாடு வளர்த்தார்கள், குதிரை வளர்த்தார்கள், பிற்காலத்தில் பனிக்கால மாதங்களில் வீட்டுக்குள் உட்கார்ந்து கடிகாரப் பாகங்கள் செய்தார்கள்.

‘நாங்கள் யாருக்கும் அடங்கியவர்கள் அல்ல’ என்ற குணம் அவர்களை விட்டுப் போகவே இல்லை. பெர்ன் மாநிலத்தோடு இணைக்கப்பட்டிருந்த பிரெஞ்சு பேசும் ஜூரா மக்கள், பல பத்தாண்டுகள் போராடி, 1974-ல் வாக்கெடுப்பில் வென்று, 1979 ஜனவரி 1 அன்று தனி மாநிலம் பெற்றார்கள். சுவிட்சர்லாந்தின் மிக இளைய மாநிலம் இதுதான்.

குதிரை மீதான பாசமும் அப்படியே. சுவிட்சர்லாந்துக்கே உரிய குதிரை இனங்களில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே இனத்துக்கு இந்த மலையின் பெயர்தான். 1897 முதல் சேன்யெலெஜியேயில் குதிரைச் சந்தையும் பந்தயமும் நடந்துவருகின்றன. ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாவது வார இறுதியில் போனால், ஊரே குதிரையும் ஜனமுமாக இருக்கும்.

23 வயதில் ஒரு சூதாட்டம்

இந்த மண்ணில் பிறந்த ஜெரோம் ரெபெட்டே படித்தது திராட்சை ஒயின் தயாரிப்பு. ஆனால், அவர் ஊரில் திராட்சை விளையாது, குளிர் விடாது. 1997-ல், 23 வயதில், இளைஞர்களின் கனவுகளுக்குக் கைகொடுக்கும் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார். ‘என் ஊரில் பீர் ஆலை தொடங்க வேண்டும்’ என்பதுதான் அவர் சொன்ன கனவு. பரிசு கிடைத்தது. ‘பிராஸ்ரி தே ஃபிரான்ஷ் மொன்டாஞ்’, சுருக்கமாக பி.எஃப்.எம்., அப்படிப் பிறந்தது.

அந்த நாளில் அது விவரம் தெரிந்த யாரும் எடுக்கும் முடிவல்ல. சுவிட்சர்லாந்தில் பீர் என்றால் ஏறக்குறைய ஒரே சுவை. பெரிய ஆலைகள் கூட்டணி அமைத்து, யார் எங்கே விற்பது, என்ன விலைக்கு விற்பது என்றெல்லாம் தங்களுக்குள் பேசிவைத்திருந்தன. 1991-ல்தான் அந்தக் கூட்டணி உடைந்தது. 1990-ல் நாடு முழுவதற்கும் இருந்த பீர் ஆலைகள் வெறும் 32. இன்று சிறிதும் பெரிதுமாக ஆயிரத்துக்கும் மேல். அந்த மாற்றத்தின் தொடக்க காலத்தில் துணிந்து இறங்கியவர்களில் ரெபெட்டேயும் ஒருவர்.

பாடம் படித்தது ஒயினில் என்பதால், பீரையும் அவர் ஒயின்காரரின் கண்ணோடுதான் பார்த்தார். ஒரு பீரில் சேஜ் என்ற மூலிகை இலையைப் போட்டார். 10.3 சதவிகித ஆல்கஹால் கொண்ட கறுப்பு பீரில் மிளகு, வெனிலா, தேயிலை சேர்த்தார். பிறகுதான் பீப்பாய் பக்கம் போனார்.

பீப்பாய்க்குள் என்ன நடக்கிறது?

சாதாரண பீர், தயாராகிச் சில வாரங்களில் கடைக்கு வந்துவிடும். பளபளக்கும் எஃகுத் தொட்டி, சுத்தம், குளிர், ஒரே வகை ஈஸ்ட். எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கும்.

ஓக் மரப் பீப்பாய் அப்படியல்ல. மரத்துக்கு நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே காற்று மெல்ல மெல்ல உள்ளே போகும். முன்பு அதில் இருந்த ஒயினோ, விஸ்கியோ, ரம்மோ மரத்தின் நரம்புகளில் ஊறிக் கிடக்கும். கூடவே காட்டு ஈஸ்ட்டுகள், தயிரைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவின் உறவினர்கள் என்று ஒரு பட்டாளமே குடியிருக்கும். பீரை உள்ளே ஊற்றி மூடினால், ஈஸ்ட் சாப்பிடாமல் விட்ட மிச்ச சர்க்கரையை இந்தப் பட்டாளம் மாதக்கணக்கில் நிதானமாகச் சாப்பிடும். பீர் புளிக்கும், ஆழம் கூடும், மரத்தின் வெனிலா வாசனை இறங்கும். கொஞ்சம் ஆவியாகியும் போகும். அந்த இழப்பைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘தேவதைகளின் பங்கு’ என்பார்கள்.

ஆபத்தும் இதில்தான். காற்று கொஞ்சம் அதிகமாகப் போனால் பீர் வினிகர் ஆகிவிடும். பக்கத்துப் பக்கத்துப் பீப்பாய்களில் ஒரே நாளில் ஊற்றிய ஒரே பீர், ஒன்றில் அமிர்தமாகவும் இன்னொன்றில் சாக்கடைக்குப் போக வேண்டியதாகவும் மாறலாம். அதைத் திறந்து சுவைக்கும்வரை யாருக்கும் தெரியாது. போட்ட பணம் ஓராண்டு மரத்துக்குள் முடங்கிக் கிடக்கும். பெரிய ஆலைக்கு இது விளையாட்டு. சின்ன ஆலைக்கு வாழ்வா சாவா என்ற கணக்கு.

ஓராண்டு முடிந்ததும் ஒவ்வொரு பீப்பாயாகச் சுவைத்து, இதில் இவ்வளவு, அதில் இவ்வளவு என்று கலப்பார்கள். எந்தப் பீப்பாயைச் சேர்ப்பது என்பதைவிட, எதை மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒதுக்குவது என்பதே கடினமான வேலை. கலவை ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், ஒயினைப் போலவே பாட்டிலில் ஆண்டைக் குறிப்பிடுகிறார்கள். தனிப்பட்ட முறையில் அசத்தும் பீப்பாய் இருந்தால், அதைக் கலக்காமல் தனியாகவே பாட்டிலில் அடைப்பதும் உண்டு.

புனிதர் பூனை

2004-ல் இப்படி முதன்முதலாக உருவான பீரின் பெயர் ‘அபேய் த சேன் போன்-ஷியான்’. ‘புனிதர் நல்லநாய் மடாலயம்’ என்று மொழிபெயர்க்கலாம். பெல்ஜியத்தில் துறவிகள் தயாரிக்கும் மடாலய பீர்களுக்கு உலகெங்கும் மரியாதை. இங்கே மடாலயமும் இல்லை, புனிதரும் இல்லை. ஆலையில் ஒரு பூனை இருந்தது. அதற்கு வைத்த பெயர் ‘நல்ல நாய்’! அந்தப் பூனையைத்தான் ஆலைக்காரர்கள் தாங்களாகவே புனிதர் பட்டம் கொடுத்து பாட்டிலில் ஏற்றிவிட்டார்கள். 2009-ல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இந்த பீரை வெகுவாகப் பாராட்டி எழுதியதும், பூனையின் புகழ் கடல் கடந்தது.

சுவைப்பது எப்படி?

ஜில்லென்ற பீர் மக்கை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். இதை ஐஸ் குளிரில் தருவதில்லை. ஒயின் கோப்பை போன்ற சிறிய கோப்பையில் கொஞ்சம்தான் ஊற்றுவார்கள். நிறம் கருஞ்சிவப்பு கலந்த பழுப்பு. நுரை அதிகம் நிற்காது. கோப்பையை மெல்லச் சுழற்றி முதலில் மூக்கருகே கொண்டுபோக வேண்டும். உலர்திராட்சை, பழுத்த பிளம், பழைய மரப்பெட்டியைத் திறந்தது போன்ற ஒரு வாசனை.

வாயில் வைத்ததும் முதலில் தாக்குவது புளிப்பு. புளிக்கரைசலில் வெல்லம் போட்டுக் காய்ச்சும்போது வருமே, அந்தப் புளிப்பும் இனிப்பும் சேர்ந்த இழுபறி. பிறகு நாவல்பழம் தின்றபின் நாக்கில் தங்கும் துவர்ப்பு. கடைசியில் தொண்டையில் ஒரு வெதுவெதுப்பு. அப்போதுதான் இது 11 சதவிகிதம் என்பது நினைவுக்கு வரும். வழக்கமான பீர் 5 சதவிகிதம். அதாவது, இதில் 100 மில்லி என்பது அதில் 220 மில்லிக்குச் சமம். அதனால்தான் கோப்பை சிறியது.

துணைக்கு அந்த வட்டாரத்தின் ‘தெத் த முவான்’ பாலாடைக்கட்டி பொருத்தமாக இருக்கும். ‘துறவியின் தலை’ என்று பொருள். கத்தியால் வெட்டாமல், ஜிரோல் என்ற சுழல் கருவியால் செவ்வந்திப் பூப்போலச் சுருள் சுருளாகச் சீவுவார்கள். அதன் உப்பும் காரமும் பீரின் புளிப்பை அடக்கிவிடும். சுவைப்பதில் பழகியவர்கள் ஒவ்வொரு கோப்பைக்கும் நடுவில் தண்ணீர் குடிப்பார்கள்; ஒயின் சுவைப்பவர்களைப் போலத் துப்பிவிடுபவர்களும் உண்டு. அங்கே அதை யாரும் தவறாக நினைப்பதில்லை.

குடிக்காதவர்களுக்கும் ஊர் உண்டு

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு பீர் இல்லாமலேயே ஒரு நாள் போதாது. பக்கத்திலேயே எத்தாங் த லா க்ரூயேர் என்ற ஏரி. சதுப்பு நிலத்தின் மட்கிய தாவரங்கள் ஊறியதால் தண்ணீர் கறுந்தேநீர் நிறத்தில் இருக்கும். கரையோரம் மரப்பலகைப் பாதையில் சுற்றி வரலாம். பிள்ளைகளுக்குக் குதிரை சவாரியும் உண்டு.

பீர் சுவைக்கப் போகிறவர்கள் காரை எடுக்காமல் இருப்பதே நல்லது. சுவிட்சர்லாந்தில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவிகிதத்தைத் தொட்டாலே வண்டி ஓட்டுவது குற்றம். கார் தேவையும் இல்லை. ஊர் சிறியது, எங்கும் நடந்தே போகலாம். ஆலை திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மாலையில் திரும்பும் ரயிலில் கூட்டம் இருக்காது. சிலர் மடியில் பாட்டில்களைக் குழந்தையைப்போலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் இருட்டான அலமாரியில் வைத்தால், அந்த பீர் இன்னும் சில ஆண்டுகள் மாறிக்கொண்டே இருக்கும். வெளியே, மரத்தடியில் குதிரைகள் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருக்கும். ரயிலும் அவற்றைப் போலவே, அவசரமில்லாமல் நகரும்.